மூன்றாம் கேள்வி

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே வந்துவிடுவார்கள்,
சிட்னியிலிருந்து, வளைந்து வளைந்து மலையிறங்கி.
பின்சீட்டில் ஒரு குழந்தையாவது வாந்தியெடுத்திருக்கும்.
ஹாம்ப்டன் பாலத்தின் மணற்கல் கோபுரங்களைப்
படம் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வருவார்கள்.
பேரே கங்காரு பள்ளத்தாக்கு, கங்காரு எங்கே என்பார்கள்.
இங்கே வொம்பாட்தான் விசேஷம் என்பேன்,
அது கட்டம் கட்டமாகச் சாணி போடும் என்பேன்.
குழந்தைகள் அந்த நிமிடமே என் கட்சி.

ஆளைப் பார்த்ததும்
மிதவைச் சட்டையின் அளவு சொல்ல வேண்டும்.
கார் சாவி, கல்யாண மோதிரம், மூக்குக் கண்ணாடி
எல்லாவற்றையும் எண் போட்ட பைகளில் வாங்கி வைக்க வேண்டும்.
புல்தரையில் நின்று
காற்றில் துடுப்பு வலித்துக் காட்ட வேண்டும்.
பிறகு படிவம்.
மூன்றாம் கேள்வி: நீந்தத் தெரியுமா?

எல்லோருக்கும் தெரியும்.
இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.
சிலருக்கு மட்டும் பேனா
கட்டத்துக்கு மேலே தட்டான் போல ஒரு கணம் நிற்கும்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.
அவர்களின் மார்ப்பட்டையை
இன்னும் ஒரு விரல் இறுக்கிவிடுவேன்.

அவர்கள் போகும் அழகு எனக்கு அத்துப்படி,
கரையிலிருந்து.
முதல் நூறடிக்குள் ஒரு முழுச் சுற்று சுற்றுவார்கள்.
'இடது! நான் சொன்னது என் இடது!'
அப்புறம் திருப்பத்தில் ஆற்றுச் சவுக்குகள்
குரலை முதலில், படகை அடுத்து, வாங்கிக்கொள்ளும்.
அதற்கப்பால் என்ன என்று
நாளைக்கு நாற்பது பேருக்கு விளக்குகிறேன்:
இரண்டு சிறு துள்ளல்கள், ஒரு மணல்திட்டு, மூன்று மணி நேரம்,
பென்டீலாவில் எங்கள் வேன் நிற்கும்.
எல்லாம் சுவரிலுள்ள வரைபடத்தில் படித்தது.
நான் பிறந்த ஊரில்
ஆறு என்றால் லாரி போகும் மணல்.

அந்த ஞாயிறு இருபத்திரண்டு போயின.
இருபத்தொன்று வந்தன.
பத்தொன்பதாம் எண்ணில் போன இருவரும்
மாட்டுப் பண்ணை வழியாக நடந்து வந்தார்கள்,
சொட்டச் சொட்ட,
நடுவே ஒரு வேலி நடலாம் போல இடம் விட்டு.
படகு? என்றேன்.
'அதற்காவது போகத் தெரிந்தது' என்றாள் அந்தப் பெண்,
மோதிரப் பையை வாங்காமலே காரில் ஏறிவிட்டாள்.

திங்கள் காலை லொரெய்ன் சொன்னாள்: வா, தேடுவோம்.
வேலைக்குச் சேர்த்தபோது
விசா கேட்டாள், வரி எண் கேட்டாள்,
மாடு கண்டால் பயமா என்றுகூடக் கேட்டாள்.
என் பட்டையை நானே இறுக்கினேன், இரண்டு விரல்.

துள்ளல்கள் நான் சொல்லிவந்ததைவிடச் சின்னவை.
என் வயிறு அதை நம்பவில்லை.
பென்டீலா கடந்ததும் ஆறு
நடையைக் குறைத்து, குறைத்து,
எங்கோ கீழே இருக்கும் அணையைக் கேட்டுக்கொண்டு
நின்றே விட்டது.
தண்ணீர் நடுவே மரங்கள்.
இலை இல்லை, பட்டை இல்லை.
வெள்ளம் ஏறிய நாளில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டவை.
உச்சிக்கு ஒரு நீர்க்காகம்,
சட்டை காயப் போடுவது போல் இறக்கையை விரித்து.
வரைபடத்தில் இது வெறும் நீலம்.

இரண்டு மரங்களுக்கிடையே பத்தொன்பது
சாவகாசமாக மூக்கை உரசிக்கொண்டிருந்தது.
உள்ளே ஒற்றைச் செருப்பு,
பாதி சிப்ஸ் பொட்டலம்,
ஒரு துண்டு வானம் கொள்ளும் அளவு தண்ணீர்.
கயிற்றில் கட்டித் திரும்பினோம்.
காலிப் படகுதான். ஆனாலும்
இழுத்த பக்கமெல்லாம் வரவில்லை.

நட்டாற்றில்,
பின்னாலிருந்து லொரெய்ன் என் முதுகிடம் கேட்டாள்:
'உனக்கு நீந்தத் தெரியும்தானே?'

ஒரு துடுப்பு வலிக்கும் நேரம் எடுத்துக்கொண்டேன்.
தெரியும் என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
படகு மட்டும் மெல்ல
கரையோரமாகத் திரும்பியது.